பூசையிலிருந்து எடுத்த ரெஞ்ச்

எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒன்று நான் வேலைக்கு ஓட்டிப்போகும் சின்னக் கார். மற்றது என் கணவரின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அந்த இரண்டாவது ஆளாக நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் அது சும்மா நிற்கிற நேரம்தான் எனக்கு நிம்மதி. 

காரணம் இருக்கிறது. அதன் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களைச் சுழற்றுவதற்குப் பக்கத்துக்கு ஒரு தண்டு போகிறது. டிரைவ் ஷாஃப்ட் என்பார்கள். அதைப் பிடித்து வைத்திருப்பவை விரல் பருமன்கூட இல்லாத சில போல்ட்டுகள். அவை தளர்ந்தால் என்ன ஆகும் என்று இவரே ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். தண்டு கழன்று, சுழன்று சுழன்று காரின் அடிப்பக்கத்தை அடித்து நொறுக்கும். பிரேக் குழாயைக்கூட அறுத்துவிடும். சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தப் போல்ட்டுகள் ஏற்கெனவே ஒருமுறை தளர்ந்தவை. அதனால் ஆயுத பூசைக்கு முந்திய நாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதியது போட்டார். மரையில் ஒரு துளி கிரீஸ் இருக்கக்கூடாது என்று துடைதுடையென்று துடைத்தார். தளராமலிருக்க அதற்கென்று உள்ள பசையைத் தடவி, டார்க் ரெஞ்சால் முடுக்கினார். வைத்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் ரெஞ்ச் அது. பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். போல்ட் அசைந்தால் கோடு விலகிவிடும், பார்த்ததுமே தெரியும். இவ்வளவும் செய்துவிட்டு அவர் சொன்னதுதான் என் மண்டைக்குள் நின்றது. புது போல்ட் கொஞ்சம் ஓடினால்தான் உட்காருமாம். ஓடி, ஆறிய பிறகு மறுபடி ஒருதடவை முடுக்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீணாம். அன்று சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவந்தார். காலையில் முடுக்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் ஆயுத பூசை. மனிதர் விடிவதற்குள் குளித்து, கருவிகளையெல்லாம் சாமி முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். டார்க் ரெஞ்சுக்கு மட்டும் தனியாக ஒரு முழம் பூ. அப்படி வைத்ததை மறுநாள் பூசை முடியாமல் யாரும் தொடக்கூடாது. என் மாமனார் ரயில்வே பட்டறையில் இருந்தவர். அந்த வீட்டில் இந்த ஒரு நாள் கத்தரிக்கோலைக்கூட எடுக்கமாட்டார்கள். சரி, கருவிக்கு ஓய்வு. ஆனால் வண்டிக்கு ஓய்வு கிடையாதே! பூசை போட்ட வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஓடியாகவேண்டும். ஓடப்போவது கிள்ளானுக்கு, அவர் அக்கா வீட்டு மத்தியான விருந்துக்கு. பக்கத்து இருக்கையில் எங்கள் மகள், நான் என் காரில் பின்னால். சிங்கப்பூரில் வேலை, லீவுக்கு வந்திருந்தாள். எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"மறுபடி முடுக்கணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பூசையில வெச்சத எப்படி எடுக்கறது? நாளைக்குப் பாத்துக்கலாம்லா. இங்க இருக்கற கிள்ளான்தானே."

சாமி பார்த்துக்கொள்ளும் என்றும் சேர்த்துச் சொன்னார். சாமியா நேற்று கீழே படுத்து முடுக்கியது என்று வாய்வரை வந்தது. நல்ல நாளும் அதுவுமாக ஏன் என்று விழுங்கினேன். மகளிடம் என்னோடு வா என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அப்பாவோடு போய் நின்றுகொண்டாள்.

அவர்கள் வெளியே காருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனேன். சாமிக்கு முன்னால் நின்றேன். எனக்கும் சாமி பயம் உண்டு, அவரைவிட அதிகமாகவே உண்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெத்த வயிறு கேட்கவில்லை, மன்னித்துவிடு என்று சொல்லி, அந்த ரெஞ்சையும் அதன் முனையில் மாட்டும் பிட்டையும் எடுத்துத் துண்டில் சுற்றினேன். பூவும் அதோடு வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் என் காரில் பின்னால் வைத்து மூடினேன். இப்போது பயம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. சாமி குற்றத்துக்கு அந்தப் போல்ட்டே தண்டனையாகிவிட்டால்?

அவர்கள் முன்னால், நான் பின்னால். பங்சாரைத் தாண்டி ஃபெடரல் ஹைவேயில் ஏறினதும் இவருக்குக் குஷி வந்துவிட்டது. அந்த வண்டி தரையோடு தரையாக ஓடும். பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் சக்கரம் அதன் கூரையைவிட உயரம். நான் ரோட்டைப் பார்த்தேனோ இல்லையோ, அதன் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். தெரிந்த மந்திரமெல்லாம் பாதிப் பாதியாக வந்தது. 

சுபாங்கைத் தாண்டியதும் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ம்மா, பின்னால ஏதோ தட்டுது. அப்பா ரோட்டுச் சத்தம்னு சொல்றாரு."

அவள் குரலில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. 

"வேகத்தக் குறைக்கச் சொல்லு. ஓரமா எடுக்கச் சொல்லு. இப்பவே."

அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லோரி எங்களுக்கு நடுவில் வந்து புகுந்தது. சிவப்புக் கார் மறைந்துவிட்டது. போனில் அவளை அழைத்துக்கொண்டே இருந்தேன், இரைச்சல்தான் கேட்டது. லோரிக்கு அடியிலிருந்து ஏதாவது சிதறி வருமோ என்று பார்த்தேன். கடவுளே, ரெஞ்சை எடுத்தது நான், என்னைப் பிடி, அவளை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கத்தினேன். லோரி விலகியபோது அவர்கள் பெட்ரோல் போடும் ஒரு எண்ணெய்க் கடைக்குள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கீழே குனிந்து போன் வெளிச்சத்தில் பார்த்தார்.  எழுந்து வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. இடப்பக்கம் கோடுகள் விலகிவிட்டன, இரண்டு போல்ட் கையாலேயே சுற்றுகிற அளவுக்கு வந்துவிட்டன என்றார். ரெஞ்ச் வீட்டில் இருக்கிறதே என்று தலையில் கை வைத்தார். நான் என் காரின் பின்கதவைத் திறந்து துண்டைப் பிரித்தேன். அவர் ரெஞ்சைப் பார்த்தார், அதிலிருந்த பூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது பூசையில வெச்சதாச்சே."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க முடுக்குங்க."

ரெஞ்சை வாங்கிக்கொண்டார். ஜாக் போட்டுத் தூக்கி, ஜாக் நழுவினாலும் தாங்கட்டும் என்று ஸ்பேர் டயரை அடியில் தள்ளினார். முடுக்கும்போது தண்டு சுழலாமலிருக்க மகள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்தாள். அவர் ஒவ்வொன்றாக முடுக்கினார். ஒவ்வொரு 'டிக்' வரும்வரை நான் மூச்சு விடவில்லை. பிறகு வலப்பக்கமும் முடுக்கினார். சரியாகிவிட்டது, மெதுவாகப் போய்க் கிள்ளானில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். இழுவை லோரியைக் கூப்பிடலாம் என்று சண்டைபோட்டேன். இறுகிய போல்ட்டுக்கு எதற்கு இழுவை லோரி என்று கேட்டார். அந்தப் பிடிவாதம் அவர் கூடப் பிறந்தது.

மகள் மறுபடி அந்தக் காரில் ஏறப்போனாள். என் கார் சாவியை அவள் கையில் திணித்தேன். நீ இதை எடுத்துக்கொண்டு தள்ளிப் பின்னால் வா என்றேன். அம்மா, உங்களுக்குத்தான் அந்தக் காரென்றாலே பயமாயிற்றே என்றாள். பயம்தான். ஆனால் அவளை அதில் அனுப்பவும் முடியாது, இந்த மனிதரைத் தனியாக விடவும் மனசு வரவில்லை.

குனிந்து உள்ளே உட்கார்ந்தேன். தரையிலேயே உட்கார்ந்ததுபோல இருந்தது. ரெஞ்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கையெல்லாம் கிரீஸும் குங்குமமும். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் என் மடியிலிருந்த ரெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"உயிரே போகுது. ஓட்டுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். என் சின்னக் கார் தள்ளி, பின்னால் வந்துகொண்டிருந்தது.