எல்லாரும் இடப்பக்கம் விழுந்தது எப்படி

வாலாஜாபாத் கிடங்கிலிருந்து உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களுக்கு பைக்கில் பார்சல் கொண்டுபோவது என் வேலை. போன வருஷம் ஒரு மிக்ஸியை, கம்பெனி கொடுத்த முதுகுப் பையில் சுமந்துகொண்டு போனேன். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பை சட்டென்று இடப்பக்கம் இழுத்தது. நானும் வண்டியும் நாற்று நட்ட வயலில் கிடந்தோம். இடது மணிக்கட்டை அசைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மிக்ஸி வாங்கிய அக்கா போன் செய்தார்.

"இன்னாப்பா, எங்க கீற?"

"சேத்துல கீறேன்க்கா. வுழுந்துட்டேன்."

"ஐயையோ! மிக்ஸி நல்லா கீதா?"

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்காரரை உடனே அனுப்பி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவர்தான்.

நஷ்டஈடு கேட்டபோது கம்பெனி மறுத்தது. போன் பேசிக்கொண்டே ஓட்டினேனாம். விழுந்த பிறகு வந்த அழைப்பை வைத்துக்கொண்டு என்னையே குற்றம் சொன்னார்கள். ஆத்திரத்தோடு உத்திரமேரூர் வக்கீல் அம்மா ஒருவரிடம் போனேன்.

"உங்க கிடங்குல வேற யாருனா வுழுந்துகீறாங்களா?" என்று கேட்டார்.

"நெறைய பேரு மேடம்."

"அப்ப உங்க ஒருத்தர் கதைய மட்டும் சொன்னா பத்தாது."

எங்கள் கிடங்கு ஆட்களுக்கு ஏற்பட்ட காயங்களின் பதிவு முழுவதையும் கம்பெனி கொண்டுவர வேண்டும் என்று அவர் மனுப் போட்டார்.

காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. மேனேஜர் தெம்பாகவே பதிவை நீட்டினார். எங்கள் பசங்க எல்லாருமே கவனமில்லாதவர்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்திருப்பார். வக்கீல் அம்மா நிதானமாகப் படித்தார்: "இடது முழங்கை. இடது தோள். இடது மணிக்கட்டு. மறுபடியும் இடது முழங்கை." நிமிர்ந்து பார்த்தார். "கவனக்குறைவு எல்லாரையும் ஒரே பக்கமா தள்ளுமா சார்?"

அதிகாரி என் பையைக் கேட்டு வாங்கி, மேசையிலிருந்த கோப்புகளை அதற்குள் திணித்தார். "நீங்களே மாட்டிப் பாருங்க" என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே மாட்டினார். வேகத்தடையில் குலுங்குவதுபோல ஒரு குதி குதித்தார். வலது வாரின் கிளிப் படக்கென்று கழன்றது. பை இடப்பக்கம் சுழன்று அவரை இழுத்துப்போய்ச் சுவரில் சாய்த்தது.

அதிகாரி முகத்தில் சிரிப்பே இல்லை. "போன் பேசிக்கிட்டிருந்தீங்களா சார்?"

அறை முழுக்கச் சிரித்தது. கடைசியில் மேனேஜரும் சிரித்தார். அன்றைக்கே கம்பெனி இறங்கிவந்தது. வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் கிடைத்தன. முன்பு விழுந்த மற்றவர்களும் அதே பதிவைக் காட்டிக் கேட்டார்கள், அவர்களுக்கும் கிடைத்தது.

கட்டுப் பிரித்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று புதுப் பைகள் வந்து இறங்கின. கிளிப்புக்குப் பதில் இரும்பு வளையம். பசங்க ஆளுக்கொரு வாரைப் பிடித்து, வடம் இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் கழலவில்லை.