நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

பட்டறைத் தெருவில் அவருக்குப் பல் டாக்டர் என்று பெயர். தொழிலோ லாரி மெக்கானிக். கியர் செட் வாங்கினால் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பமாட்டார். ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவார். எதிரே உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

"சொத்தை ஏதும் இருக்காண்ணே?" என்பேன்.

"உன் வாய்ல இருக்கறத அப்புறம் பாக்கறேன், இரு" என்பார்.

அவருக்கு ஒரே மகள். மலைமேல் அணைக்கட்டுக் குடியிருப்பில் இருந்தாள். புருஷனுக்கு அங்கே பம்ப் ஓட்டும் வேலை. அவளுக்கு ஒன்பதாம் மாதம். மழை பிடித்துவிட்டால் பாதை சேறாகி இரண்டு மாதத்துக்கு எதுவும் மேலே ஏறாது. இப்போதே அந்த ஏற்றத்தை ஏறக்கூடிய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் இவருடைய பழைய லாரி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

சேற்றுக்குத் தோதாகப் பெரிய டயர் மாட்டினார். இஞ்சின் திணறியது. அதனால் இரண்டு அச்சிலும் கியரை மாற்ற முடிவு செய்தார். பெரிய சக்கரமான கிரவுனில் நாற்பத்தொரு பல் அப்படியே இருக்கும். சின்னதான பினியனில் மட்டும் பதினொன்றுக்குப் பதில் ஒன்பது. இரண்டு செட்டையும் என் கடையில்தான் எண்ணி வாங்கினார். செவ்வாய்க்கிழமை பின்னச்சு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அந்தத் தெம்பில் அதிலிருந்து கழற்றிய பழைய செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

வியாழன் காலை முன்னச்சைப் பூட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கிரவுன் தன் இடத்தில் இருந்தது, பினியனும் இருந்தது. ஆனால் பல் பல்லைத் தொடவில்லை. நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

பினியன் சிறுத்தால் கிரவுன் அதை நோக்கி நகர வேண்டும். அதற்குக் கிரவுனைத் தாங்கும் கேரியரே வேறு. பின்னச்சில் இந்தத் தொல்லை இல்லை, பழைய பினியன், புதுப் பினியன் இரண்டுக்கும் ஒரே கேரியர். முன்னச்சில் உண்டு. "எந்தக் கேரியர்?" என்று நான் எல்லோரிடமும் கேட்பேன். அவரிடம் கேட்கவில்லை. பல் டாக்டருக்கே பாடம் எடுப்பதா என்று சும்மா இருந்துவிட்டேன்.

அந்தக் கேரியர் கேட்டு நாலு ஊருக்குப் போன் போட்டேன். பத்து நாள் ஆகும் என்றார்கள்.

"முன்னாடி பழசையே மாட்டிடலாமாண்ணே?"

"பின்னாடி பழசுதான் இரும்புக்குப் போயிருச்சே. முன்சக்கரம் ஒரு கணக்கு, பின்சக்கரம் ஒரு கணக்கா சுத்தும். நடுவுல ரெண்டையும் சேக்கற கியர் பெட்டி பாதி ஏத்தத்துலயே ஒடைஞ்சுரும். புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு அங்க நிக்கச் சொல்றியா?"

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிரவுனை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார். தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் கை முழுக்கக் கிரீஸ். போன் அடித்தபோது நான்தான் எடுத்து அவர் காதில் வைத்தேன்.

"அப்பா, துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

"மழ விட்டதும் வரேம்மா."

"மழ இப்பதானப்பா ஆரம்பிக்குது" என்றாள்.