சைனஸ் ஆபரேஷனும் பாகூர் பஸ்ஸும்

சைனஸ் ஆபரேஷன் முடிந்து இன்று ஊர் திரும்பினேன். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பாகூர் பஸ் புறப்படும்போது அப்படியே தும்மினேன். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஒத்தத் தும்மல் ஆவாதுபா. இன்னொன்னு தும்மு, போலாம்."

"வரலியேண்ணே!"

பக்கத்திலிருந்த மீன்காரம்மா மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து நீட்டினார். "ஒரு சிட்டிகை இழு, தானா வரும்."

"ஐயோ, உள்ள புண்ணு ஆறலம்மா!"

பதற்றத்தில் டப்பாவைத் தட்டிவிட்டேன். பறந்த பொடி மூக்கில் ஏறி டிரைவரே தும்மினார். கணக்குக்கு இரண்டு ஆகிவிட்டதாம், பஸ் கிளம்பியது.

எங்கள் பகுதியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களே மூட்டை கட்டிவிட்டார்கள். சகுனம் மட்டும் டிக்கெட் வாங்காமல் நம்மோடு வருகிறது.

உங்கள் ஊர் பஸ் எத்தனை தும்மலுக்குக் கிளம்பும்?