ஆளில்லாத துண்டு வாய்க்கால்

யதுர்ஷிகா தன் வீட்டு முன்னறைக்கு வாடகைக்கு வந்த நாளிலிருந்து நிரோஜாவுக்கு ஒன்று விளங்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவி, பல்கலைக்கழகத்தில் ஒன்றியத் தலைவி என்று சொல்கிறார்கள். பார்த்தால் குரல் வாசல் படலையைத் தாண்டாத சின்னப் பெண். இவள் ஆருக்குத் தலைமை தாங்கியிருப்பாள், எப்படி? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நிரோஜா குசினி யன்னலால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யதுர்ஷிகா விவசாயப் பட்டதாரி. உடையார்கட்டில் விதைப்பு, வாய்க்கால் அலுவல்களைப் பார்க்கும் உத்தியோகம். திங்கட்கிழமை குளம் திறக்கிறார்கள். அதற்குள் அவரவர் வயலுக்கு நேரே ஓடும் வாய்க்காலை அவரவர் வெட்டித் துப்புரவாக்குவதுதான் ஊர் வழக்கம். கடைசி வயல் நிரோஜாவுடையது. அதற்கு முதல் கிடந்தது கனடாவில் இருக்கும் ஒருவரின் பற்றை மண்டிய காணி. அதற்கு நேரேயுள்ள வாய்க்கால் துண்டை வெட்ட ஆளில்லை. போன இரண்டு போகமும் தண்ணீர் அங்கேயே புல்லுக்குள் நின்றுவிட்டது. இம்முறையும் வராவிட்டால், வயலை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதென்று நிரோஜா முடிவெடுத்திருந்தாள்.

யதுர்ஷிகா கூட்டம் வைத்து, ஆர் எந்தத் துண்டை வெட்டுவதென்று சீட்டுக் குலுக்கினாள். பல்கலைக்கழகத்துப் பழக்கம்.

"என்ர துண்டை வேற ஆள் வெட்ட, நான் கனடாக்காரன்ரயை வெட்டுறதோ மிஸ்? அவனைப் பிளேன் ஏறி வரச் சொல்லுங்கோ!" என்றார் வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருக்கும் ஐயாத்துரை.

சனம் சிரித்தது. சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சீட்டைப் பாராமல் அவரவர் துண்டை வெட்டிவிட்டுப் போனார்கள். கனடாக்காரரின் துண்டு அப்படியே கிடந்தது.

அன்று பின்னேரம் தேத்தண்ணீர் கொடுக்கும்போது நிரோஜா மெல்ல வாய் திறந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. தலைவியா இருக்கேக்கை ஒருத்தரும் வராட்டி என்ன செய்வியள்?"

யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போற சனத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டனாங்கள் அக்கா. உதவிக்கு வாங்கோ எண்டு நோட்டீஸ் ஒட்டினன். ஒரு குருவி வரேல்லை. வாளி போதாமல் அக்கம்பக்கத்திலை இரவல் கேட்டன். வாளி தந்த அம்மாமார் பின்னாலையே வந்திட்டினம், நாங்கள் உடைச்சுப்போடுவம் எண்டு! வந்தவை பொங்கல் முடியுமட்டும் தண்ணி ஊத்திச்சினம்."

சொன்னவள் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, ஐயாத்துரை மாமான்ர மண்வெட்டி நல்லதோ?"

"அது அவற்ற உயிரெல்லோ. மனுசிக்கும் குடுக்கார்."

"அப்ப அதைத்தான் கேக்கோணும். நீங்கள் கேளுங்கோ. நான் கேட்டா உத்தரவு மாதிரிப் போயிடும்."

மலையகத்திலிருந்து வந்து கடைசி வயல்களில் குடியேறியவர்களின் பிள்ளை நிரோஜா. தலைப்பு ஆட்களின் முற்றத்தை அவள் மிதித்ததேயில்லை. ஞாயிறு காலை ஐயாத்துரையின் படலைக்கு வெளியே நின்றே கேட்டாள்.

"அண்ணை, மண்வெட்டியை ஒருக்காத் தாறியளோ? கனடாத் துண்டை வெட்டப்போறம்."

"ஆர் பிடிக்கிறது? அந்த மிஸ்ஸோ?"

"ஓம்."

ஐயாத்துரை உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துவந்து நீட்டினார். "கவனம். பிடி புதுசு."

யதுர்ஷிகா வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். 'ணங்' என்றது.

"ஐயோ, கல்லிலை போடாதை பிள்ளை!" வரம்பில் சைக்கிளோடு நின்றார் ஐயாத்துரை. "தா இஞ்சை!" சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வழியால் போனவர்களுக்கு அது போதும். "என்ன ஐயாத்துரையர், விசா கிடைச்சிட்டுதோ?"

"உனக்கும் எடுத்துத் தாறன், இறங்கடா!"

ஒவ்வொருவராக இறங்கினார்கள். நிரோஜா வெட்டிய புல்லை வாரி வாரிக் கரையில் போட்டாள்.

திங்கள் மாலை கலங்கல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு அவள் வயலுக்குள் நுழைந்தது. பக்கத்தில் நின்ற யதுர்ஷிகாவிடம் கேட்டாள்.

"வேணுமெண்டுதானே கல்லிலை போட்டனீங்கள்?"

"சத்தியமா இல்லை அக்கா. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது."

நிரோஜா அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். உண்மையா பொய்யா என்று பிடிபடவில்லை. பிறகு பார்க்கலாம். இப்போது உழவுக்கு லாண்ட்மாஸ்டர் மெஷினுக்குச் சொல்லப் போக வேண்டும்.