டிசம்பரில் தேடிய புலி வண்டு

புலி வண்டு ஓடுகிற வேகத்தில் அதற்கே கண் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், இரை எங்கே என்று பார்த்துக்கொண்டு மறுபடி ஓடும். இதை அக்கா எனக்குச் சொன்னபோது, கல்கத்தாவிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தள்ளியிருந்த ஒரு கடற்கரையில், ஜூன் மாத வெயிலில் இருவரும் குப்புறப் படுத்திருந்தோம். மணல் வயிற்றைச் சுட்டது. எங்களுக்கு முன்னால் விரல் நகத்தளவு வண்டு ஒன்று நீண்ட கால்களில் எழும்பி நின்று, ஒரு ஈயைத் துரத்திப் பிடித்துக் கிழித்துத் தின்றது. அக்கா மூச்சுகூட விடவில்லை. பாங்குக்கு லீவு போட்டு இதற்கா வந்தேன் என்று நான் முனகியது அவள் காதில் விழவே இல்லை.

அந்த வண்டுதான் அவளுடைய ஆராய்ச்சி. வெயில் காய்ந்தால்தான் அது வெளியே வரும் என்பதால், கல்கத்தாவில் நாங்கள் குடியிருந்த பாலிகஞ்ச் பேட்டையே ஃபேனுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் நாட்களில் இவள் வலையும் தொப்பியுமாகக் கிளம்புவாள். "இப்படிக் கறுத்துப்போனா எவன் கட்டிப்பான்?" என்பாள் அம்மா. "வண்டையே கட்டிக்கறேன், போ" என்பாள் அக்கா.

அவளுடைய பேராசிரியரை நாங்களும் ஸார் என்றே சொல்வோம். அந்தக் கடற்கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் நடைபாதையும் கடைகளும் கட்ட ஒரு திட்டம் வந்தது. அங்கே காப்பாற்ற வேண்டிய உயிர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஸாருக்குக் கிடைத்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜூனில் ஒருமுறை போனால் போதும், கரை பிழைத்துவிடும் என்றாள்.

ஸார் டிசம்பரில் போனார். இந்த ஊரில் டிசம்பர் என்றால் பிக்னிக். வாடகை பஸ்ஸில் அடுப்பு ஏறும், அண்டா ஏறும், ஆரஞ்சுக் கூடை ஏறும், குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர்கள் ஏறுவார்கள். ஆராய்ச்சியும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டது. வீட்டாரும் வரலாம் என்றதால் நானும் போனேன். கறி வேகிற நேரத்துக்குள் வண்டு தேடி முடித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் வண்டு ஏது? அக்கா மட்டும் மண்டியிட்டு, பென்சிலால் குத்தினாற்போல மணலில் இருந்த துளைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த வண்டின் புழு இருந்தது.

"நண்டு வளைம்மா அது" என்றார் ஸார், கையில் தட்டோடு.

"நண்டு வளைன்னா வாசல்ல மண் உருண்டை கிடக்குமே, ஸார்."

"ஓட்டையை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாதும்மா. வா, சாப்பாடு ஆறிடும்."

அங்கே புலி வண்டு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பொய் சொன்னார் என்று அவரைத் திட்டக்கூட வழியில்லை. பார்க்கவில்லை என்பதை இல்லை என்று எழுதினார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'தான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.

சுவர் வந்தது. மணல் கல்லுக்கு அடியில் போனது. வண்டு இல்லாமல் ஆராய்ச்சி பாதியில் நின்று, அக்கா ஜாதவ்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்தப் போனாள். வெயிலில் அலைவது நின்றதில் அம்மாவுக்கு மட்டும் நிம்மதி.

போன குளிர்காலத்தில் ஸார் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அழிந்துவரும் உயிர்களைப் பற்றி. அக்கா கூப்பிட்டதால் நானும் போனேன். திரையில் அந்த வண்டு வந்தது. படம் அக்கா எடுத்தது. நம் பேராசையால் இதை இழந்துவிட்டோம் என்று சொல்லும்போது ஸாரின் குரல் தழுதழுத்தது. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

கேள்வி நேரத்தில் அக்கா மைக்கை வாங்கி, வங்காள மொழியில் கேட்டாள்: "அங்கே இந்த வண்டே இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க, ஸார்? இல்லாதது எப்படி அழியும்?"

ஸார் கண்ணாடியைக் கழற்றி அவளை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கோபமோ கூச்சமோ துளியும் இல்லை. நிஜமான பாசம்.

"இவ என் மாணவி. அந்தக் கரையில இந்த வண்டை முதல்ல கண்டுபிடிச்சதே இவதான். எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி தட்டினார்கள். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கைதட்டல் ஓய்வதாக இல்லை. கடைசியில், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கை கூப்பிவிட்டு உட்கார்ந்தாள்.