பாதாம் வாசனையும் பம்புத் தண்ணீரும்

உலோகத்தைத் துணைக்கு வைத்து ஆக்சிஜனேற்றம் செய்கிற எங்கள் தொழிலில், குடுவைக்குள் நடப்பதை எப்படியாவது விளக்கிவிடலாம். வெளியே நடப்பதைத்தான் விளக்க முடியாது. எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து வருஷம் குப்பை கொட்டினேன். ஆராய்ச்சி என்று எதிலாவது மாட்டிக்கொண்டு விழித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

வீட்டுக்காரரின் கேட்

சேக்காட்டில் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாம்மா ஆராய்ச்சி?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் சொன்னேன். ஆக்சிஜன் இன்னொரு பொருளோடு சேர நேரமாகும்; நடுவில் துளி உலோகம் இருந்தால் சட்டென்று சேர்ந்துவிடும்; இரும்பு துருப்பிடிப்பதும் ஒருவகையில் ஆக்சிஜன் சேர்வதுதான் என்றேன். அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் வாசல் கேட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"துரு புடிக்க வெக்கிறதுக்கா இம்மாம் படிப்பு? எங்க கேட்டு எட்டாங்கிளாஸ்கூட படிக்கல, அதுவே புடிச்சிகினு நிக்குது!"

பெண் பார்த்த படலம்

பென்சைல் ஆல்கஹாலோடு பெராக்சைடைச் சேர்த்து, நானே தயாரித்த மாங்கனீசுச் சேர்மத்தை வினையூக்கியாகத் துளி போட்டால் பென்சால்டிஹைடு வரும். பெயரை மறந்துவிடுங்கள், வாசனை மட்டும் அச்சு அசல் பாதாம் அல்வா. தலைமுடியில் ஏறிவிட்டால் இரண்டு தலைக்குளியலுக்கும் அசையாது.

நூம்பலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மதியம்வரை ஆய்வகத்தில் இருந்துவிட்டு ஓடிவந்து புடவை மாற்றினேன். நான் கூடத்தில் கால் வைத்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேரும் ஒன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் அழகுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கேசரியை நீட்டினாள். ஒருவரும் தொடவில்லை, எல்லார் கண்ணும் சமையலறைப் பக்கமே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேட்ட கேள்வியோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

"அல்வா வாசனைய காட்டிட்டு கேசரிய நீட்டுறீங்களே, பொண்ணு விஷயத்துலயும் இப்டித்தானா?"

லீவு போட்ட வினையூக்கி

மூன்றாம் வருஷம் என் மாங்கனீசு பிரமாதமாக வேலை செய்தது. ஆல்கஹாலில் நூற்றுக்கு எண்பது பங்கு பென்சால்டிஹைடாக மாறியது! வழிகாட்டிப் பேராசிரியர் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். பிறகு, "மாங்கனீசே போடாமல் ஒருதடவை செய்து காட்டும்மா, சும்மா பேருக்கு" என்றார். செய்தேன். அதிலும் அறை முழுக்க அல்வா வாசனை. அவர் முகம் மாறிவிட்டது. "உன் வினையூக்கி லீவு போட்டாலும் ஆபீஸ் நடக்கிறதே! அப்புறம் அதற்கு எதற்குச் சம்பளம்?"

மூன்று வருஷ உழைப்பு போச்சு என்று கழிப்பறையில் நின்று அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, போடுகிற பொருள் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கடைசியில் மிஞ்சியது காய்ச்சி வடித்த தண்ணீர் கேன். அதில் இரும்பு ஏகத்துக்கும் இருந்தது. எனக்குப் பதிலாக அந்த இரும்புதான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது! தண்ணீர் வடிக்கும் கருவி பழுதாகி மாதக்கணக்காகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. கேனை நிரப்பும் ஆய்வக உதவியாளர் தேவசகாயம் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்குத்தான் கோபம் வந்தது.

"தண்ணி இல்லாம நீ கஷ்டப்படக் கூடாதுன்னு பின்னாடி அடி பம்புல அடிச்சி ரொப்பி வெச்சேம்மா. நல்ல தண்ணி, நானே குடிச்சிகினு கீறேன்!"

வாய்மொழித் தேர்வு

சுத்தமான தண்ணீரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். மாங்கனீசு போடாத குடுவை வாய் திறக்கவில்லை. போட்ட குடுவையில் எண்பது நாற்பதாக இறங்கியது. ஆனால் அந்த நாற்பதும் என் நாற்பது. வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பழைய கணக்கையும் புதியதையும் ஒப்பிட்டுவிட்டு, "முதலில் இவ்வளவு இரும்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நான் குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினேன். கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்த தேவசகாயம் அண்ணன் எழுந்தார்.

"நாந்தான் சார் ஊத்துனேன். வோணும்னா இப்பகூட ஒரு சொம்பு அடிச்சிகினு வர்றேன்!"

ஆக, ஐந்து வருஷம் உழைத்து வாங்கிய டாக்டர் பட்டத்தால் ஊருக்கு உண்டான ஒரே நன்மை, தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதுதான்.