வெயிலில் பார்த்து வாங்கிய திரை

சென்ற வருடம் ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம், கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றுகொண்டு நான் ஒரு ஜோக் அடித்தேன். கடைக்காரர் உட்பட நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த மயக்கத்தில், என் மனைவியின் பிழைப்பைக் கெடுக்கக்கூடிய ஒரு பொருளை வாங்கி, பைக்கில் கட்டி, சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தொழிலைச் சொன்னால்தான் என் முட்டாள்தனம் விளங்கும். நான் பயறு வகைகளுக்குக் கமிஷன் மண்டி நடத்துகிறவன். விவசாயம் பார்க்கிற சம்சாரி கொண்டுவருகிற உளுந்து மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு கை எடுப்பேன். அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் உள்ளங்கையை விரிப்பேன். சொத்தை, தூசி, ஈரம் எல்லாம் அங்கே பல்லைக் காட்டிவிடும். எங்கள் பக்கம் பருத்தி, மிளகாய், பட்டுப்புடவை எதுவானாலும் இதுதான் பரீட்சை. கடைக்குள் எவ்வளவு விளக்குப் போட்டிருந்தாலும் சரக்கைத் தெருவுக்குக் கொண்டுவராமல் நாங்கள் நம்பமாட்டோம். எங்கள் ஊரில் மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

என் மனைவி பதினாறு வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்தவள். ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். புகார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தவர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது விரல் தானாக ஓரங்களைத் தடவிப் பார்க்கும். ஒருநாள் மதுரையில் ஒரு பெரிய ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது. மாதிரிக்கு ஓர் ஆல்பம் செய்து அனுப்ப வேண்டும். திருப்தியாக இருந்தால் மாதாமாதம் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த வாரம் பார்த்து எங்கள் பழைய மானிட்டர் கண்ணை மூடிவிட்டது.

புதிதாக வாங்க வசதிப்படவில்லை. கம்பெனிகள் கழித்துவிட்ட மானிட்டர்களைச் சரிபார்த்து விற்கிற கடை ஒன்று மெயின் ரோட்டில் இருந்தது. அவளும் வருவதாகத்தான் சொன்னாள். முப்பது வருஷமாகச் சரக்குப் பார்க்கிறவனுக்குத் துணை எதற்கு என்று நான் தனியாகக் கிளம்பினேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சாதுவான ஆள். ஒரு மானிட்டரைக் காட்டினார். நான் வழக்கம்போல வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவர் வயரை நீட்டி வெயிலில் கொண்டுவந்து வைத்தார். குனிந்து பார்த்தேன், விரலால் தட்டினேன், கீறல் தேடினேன். முகர்ந்து பார்க்காததுதான் பாக்கி. பழுதே இல்லை. அப்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணாச்சி, முழுக் கறுப்பாப் படம் ஒண்ணு போட்டுத் தாரேன். இருட்டுல வச்சு ஒரு தடவை பாத்துருங்க.”

“இருட்டுல பாத்து வாங்க இதென்ன களவாண்ட சாமானா?” என்றேன்.

இதுதான் அந்த ஜோக்.

வீட்டில் அதை மாட்டியதும் என் மனைவி, இடது பக்கம் கீழ் மூலை கொஞ்சம் வெளுத்தாற்போல இருக்கிறதே என்றாள். ஆல்பம் வேலை செய்கிறவர்கள் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அப்போதுதான் நிறம் சரியாகத் தெரியுமாம். நான் அறை வாசலில் நின்றபடியே, உனக்கு மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். முப்பது வருஷச் சரக்கு அனுபவத்தை நம்பினாள் என்றும் சொல்லலாம்.

நம்பியதால் நடந்தது இது. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மூலை வெளுத்துத் தெரிய, படத்தில்தான் குறை என்று நினைத்து அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கியிருக்கிறாள். ராத்திரி நடந்த வரவேற்புப் படங்கள் வேறு, ஏற்கெனவே இருட்டு. மதுரையில் அச்சுப் போட்டுப் பார்த்தபோது எல்லாப் பக்கத்திலும் இடது மூலை கன்னங்கரேலென்று இருந்தது. அந்த மூலையில் அரக்குச் சேலையில் நின்றிருந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. பன்னிரண்டு பக்கத்தில் அவர் இல்லவே இல்லை. ஆல்பத்தில் மாப்பிள்ளை காணாமல் போனால்கூட எங்கள் பக்கத்தில் சமாளித்துவிடலாம். அத்தை காணாமல் போனால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

மதுரையிலிருந்து படம் பிடித்து அனுப்பி, இது சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. அறைக்குள் போய் ஒரு படத்தைத் திரையில் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தாள். படம் நகர்ந்தது, வெளுப்பு நகரவில்லை. பிறகு திரை முழுவதும் கறுப்பாக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இருட்டில், அந்தக் கறுப்பின் கீழ் மூலையில் மட்டும் பொழுது விடிந்துகொண்டிருந்தது. என்னிடம் ஜோக் எதுவும் கைவசம் இல்லை.

அவள் மதுரைக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். “தப்பு என் மேலதான் சார். திரையைச் சரியாப் பாக்காம வேலை செஞ்சிட்டேன். திங்கட்கிழமை வரைக்கும் டயம் குடுங்க, திருப்பிச் செஞ்சு தாரேன்” என்றாள். வீட்டுக்காரர் வாங்கி வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அந்த “என் மேலதான்” என்பதற்கு என்ன பதில் பேசுவது? அந்தப் பக்கம் திங்கட்கிழமைதான் கடைசி என்றார்கள்.

மறுநாள் காலையில் இருவரும் மானிட்டரோடு கடைக்குப் போனோம். கல்லாவுக்கு மேலே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பலகை தொங்கியது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சண்டை வசனங்கள் அதைப் பார்த்ததும் மறந்துபோயின. கடைக்காரர் எங்களைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார்.

“அன்னைக்கே சொல்ல வந்தேன் அண்ணாச்சி. நீங்க எல்லாரையும் சிரிக்க வச்சிட்டீங்க. எனக்கும் சிரிப்பு வந்துட்டு, சொல்லாம விட்டுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு” என்றார்.

இரண்டு நாளில் இரண்டு பேர் என் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அவர் கடை முழுக்கக் கண்ணாடி முகப்பு. உள்ளே ஒரு சாண் இருட்டுக்கூடக் கிடையாது. அவர் பரணிலிருந்து ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்தார். அவர் குடும்பம் செம்மறியாடு மேய்த்த குடும்பமாம். ராத்திரி காட்டில் ஆட்டை அடைத்துக் கிடை போடும்போது அவருடைய அப்பா போர்த்துக்கொண்டது. வெளிச்சம் ஒரு துளி உள்ளே வராது என்பதால், மானிட்டர் சோதிக்க வைத்திருக்கிறார். நாலு மானிட்டரை வரிசையாக வைத்தார். கடையில் எப்போதும் முழுப் பிரகாசத்தில் வைத்திருப்பார்கள், அதை வீட்டில் வைக்கிற அளவுக்குக் குறைத்தார். என் மனைவி முக்காலியில் உட்கார, அவள் தலைக்கும் திரைக்கும் சேர்த்துக் கம்பளியைப் போர்த்தினார். நானும் தலையை நுழைக்கப் போனேன்.

“நீங்க வெளிய நில்லுங்க அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை. வெளிச்சம் பட்டுத் திரையில அடிக்கும்.”

நின்றேன். அவர் வெளியிலிருந்து பாடம் நடத்தினார். திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிகிறது. கறுப்பு என்பது அந்த விளக்கை மூடி மறைப்பதுதான். ஓரத்தில் மூடாக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிச்சம் கசியும்.

“தலையை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுங்க மதினி. கொஞ்சம் பின்னால சாயுங்க. வெளிச்சம் உங்க கூடவே நகருதா?”

“நகரல. ஒரே இடத்துல நிக்கி.”

“அப்போ அது கசிவு. வேண்டாம். அடுத்தது.”

நகர்ந்து மங்கினால் அது அந்த வகைத் திரையின் சுபாவம், நேராக உட்கார்ந்தால் தொந்தரவில்லையாம். நான் சும்மா இருக்க முடியாமல் செல்போனைக் கம்பளிக்குள் நீட்டி ஒரு படம் எடுத்தேன். மூலையில் சூரியனே உதித்திருந்தது. பதறிக் காட்டினேன். செல்போன் எப்போதும் பெரிதாக்கித்தான் காட்டும், கண்ணை நம்புங்கள் என்றார். இதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. டீ கிளாஸோடு நின்ற ஒருவர், “என்ன, உள்ள குறி சொல்லுதாங்களா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு அது பொய்யாகவும் படவில்லை.

மூன்றாவது திரையில் கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. “நகருது. நேரா இருந்தா ஒண்ணும் தெரியல. இது போதும்.”

வெளிச்சமே துளியும் இல்லாத திரை கிடையாதா என்று நான் கேட்டேன். “இருக்கு அண்ணாச்சி. ஆன் பண்ணாம வச்சிருக்கணும்” என்றார் கடைக்காரர். கூட்டம் சிரித்தது. இந்த முறை ஜோக் அவருடையது.

பலகையைப் பற்றி அவர் பேசவே இல்லை. பழையதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதன் முதுகில் ‘மூலையில் கசிவு, வெளிச்சமான இடத்துக்கு மட்டும்’ என்று சீட்டு எழுதி ஒட்டினார். பில் போடுகிற கடைகளுக்கு அது போதும் என்றார்.

திங்கட்கிழமை அத்தை பன்னிரண்டு பக்கத்திலும் திரும்பி வந்தார். அரக்குச் சேலையின் மடிப்புக்கூடத் தெரிந்தது. புதன்கிழமை மதுரையிலிருந்து அடுத்த ஆல்பம் வந்தது. இப்போது மாதத்துக்கு நாலு வருகிறது.

இன்றைக்கும் மண்டி வாசலில் உளுந்தை வெயிலில் விரிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பளி ஞாபகத்துக்கு வருகிறது. வெயிலில் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, இருட்டில் மட்டுமே தெரிகிறவையும் இருக்கின்றன. என்னோடு இருபத்தைந்து வருடம் வாழ்ந்தவள் எப்படிப்பட்டவள் என்பதை அந்த ஒரு போன் பேச்சில்தான் முழுதாகப் பார்த்தேன்.

இதை எழுதி முடித்ததும், அறைக்குள் போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரை வெளிச்சத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க வெள்ளைச் சட்டை திரையில அடிக்கி.”